தையல்நாயகி பள்ளிக்கூடம் விசாரித்த கதை

விழுப்புரத்தை அடுத்த கெடார் பக்கத்தில் தையல்நாயகியைக் கேட்காமல் யாரும் ஒரு கறவை மாடு வாங்கமாட்டார்கள். அவள் மாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். மாடு இருந்த ஊருக்குப் போவாள். மாட்டுக்காரனோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடு எது என்று தெரிந்துகொண்டு அங்கே ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். திரும்பி வரும்போது அந்த மாடு எத்தனை ஈத்து, யாரை உதைத்தது, எவன் கொல்லையில் புகுந்து அடிவாங்கியது என்று மாடே மறந்துபோன சங்கதியெல்லாம் அவளிடம் இருக்கும். மரங்கள் கல்லாகிக் கிடக்கும் திருவக்கரையில் பிறந்தவள். அந்தக் கல்லைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் பேசவைத்துவிடலாம் என்பது அவள் கட்சி.

கல்யாண விசாரணை என்றால் கேட்கவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குள் நேராகப் போய் எதையும் கேட்கக்கூடாது. நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, எதிர் டீக்கடையிலும் இஸ்திரி வண்டியிலும் மளிகைக் கடையிலும் நின்று, ஆள் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, கோபக்காரனா என்று போகிறபோக்கில் கேட்கவேண்டும். என்ன காரியமாக வந்தோம் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவே கூடாது. அப்படிச் சொல்லாமல் கேட்டே தையல்நாயகி ஏழெட்டுக் கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறாள். அதில் ஒரு மாப்பிள்ளை அவளுக்குப் பயந்து காசிக்கே போய்விட்டதாகப் பேச்சு. விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை.

எண்பத்து நான்காம் வருஷம் சித்திரையில் அவள் புருஷன் சீனுவாசனுக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தது. மின்சார வாரியத்தில் ஒயர்மேன். எத்தனை உயரக் கம்பத்திலும் பயமில்லாமல் ஏறுவான். அண்ணன் துரைக்கண்ணு எதிரில் பாயில் உட்காரப் பயப்படுவான். நிலம், வீடு, வரவு செலவு எல்லாம் துரைக்கண்ணு கையில். பெண்சாதியை இழந்தவர். ஒரே மகள் சௌந்தரத்துக்கு வயது பத்தொன்பது. அவளை ஐந்தாவதோடு நிறுத்தியதை ஊருக்குக் குளம் வெட்டிவைத்தது போலச் சொல்லிக்கொள்வார். அந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்க இதுவரை ஒரு மாப்பிள்ளையும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

சீனுவாசனுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் தேவகி, ஐந்தாவது முடித்திருந்தாள். அவள் ஆறாவது போகப்போகிறாள் என்று அப்பன் முன்கூட்டியே ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தந்திருந்தான். அவள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினாள். சின்னவன் சின்னதுரை, இரண்டாவது. தின்பதைத் தவிர வேறெதிலும் அவன் இன்னும் தேறவில்லை.

மாற்றல் உத்தரவு வந்த அன்றே துரைக்கண்ணு தீர்ப்புச் சொல்லிவிட்டார். பையன் திண்டிவனத்தில் படிக்கட்டும். பெண் இங்கேயே சௌந்தரத்தோடு இருக்கட்டும். மாடு கன்று இருக்கிறது, வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆள் வேண்டும். தையல்நாயகி கதவுக்குப் பின்னாலிருந்து, தேவகிதான் முதலாவதாகத் தேறியவள் என்று மெல்லச் சொன்னாள். அவர் பெரிய மனது பண்ணி ஒரு வழி விட்டார்.

"நீதான் ஊர் ஒலகத்தயே விசாரிக்கறவளாச்சே. போய் பள்ளிக்கூடத்த விசாரிச்சிக்கினு வா. பொண்ணு படிக்கற மாதிரி நல்ல எடம் ஒண்ணு இருக்குதுன்னு நீ சொல்லிட்டா ரெண்டு பேரையும் இட்டுக்கினு போங்க. இல்லன்னா பேச்சு கெடயாது."

தையல்நாயகிக்கு வேறென்ன வேண்டும்? மாட்டையும் மாப்பிள்ளையையும் விசாரித்தவளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு பெரிய காரியமா? தன் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டு, தலை நிறையக் கதம்பம் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பருத்திப் புடவைக்குப் பட்டணத்துக்காரன் பதில் சொல்லமாட்டான் என்பது அவள் கணக்கு.

அந்த வருஷம் விழுப்புரத்தில் இங்கிலீஷ் நர்சரிகள் முளைத்த வேகத்தில் மாவு மில்லின் மாடியில் ஒன்று, சைக்கிள் ஸ்டாண்டின் பின்னால் ஒன்று, பிரேதம் சுமக்கும் பாடை கட்டுகிறவன் வீட்டுத் திண்ணையில்கூட ஒன்று வந்திருந்தது. பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒரு குழந்தை கழுத்தில் டையோடு உட்கார்ந்து அதன் நுனியைச் சப்பிக்கொண்டு வந்தது. சித்திரை வெயிலில் ஊரே பனையோலை விசிறியோடு அலைய, அந்தப் பிள்ளைக்குக் கழுத்தில் சுருக்கு. இங்கிலீஷில் என்ன தெரியும் என்று தையல்நாயகி கேட்டாள். குட்மார்னிங் என்றது. அப்போது மணி பிற்பகல் ஒன்று. பெற்றவளுக்குப் பெருமையில் முகம் பெருத்துப்போனது.

திண்டிவனத்தில் ஆளாளுக்குக் கைகாட்டிய பள்ளிக்கூடத்துக்குப் பெயர் பிரைட் மூன் இங்கிலீஷ் ஸ்கூல். போர்டு பள்ளிக்கூடத்தைவிடப் பெரியது. காற்றடித்தால் போர்டுதான் கட்டடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். அடியில், 'தாளாளர்: பாண்டுரங்கன், பி.ஏ.' என்று இருந்தது. பி.ஏ.வுக்குப் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறியும் இருந்தது. அதற்குள் 'ஃபெ' மட்டும் மிஞ்ச, மீதி எழுத்தை யாரோ கவனமாகச் சுரண்டியிருந்தார்கள்.

தையல்நாயகி உள்ளே போகவில்லை. பிள்ளையைச் சேர்க்க வந்தவள் என்று தெரிந்தால் வியாபாரம் பேசுவார்கள், உண்மை வராது. எதிரில் சவுரிராயன் டீக்கடையில் நின்று ஒரு டீ சொன்னாள். எதிர்ப் பள்ளிக்கூடத்துக்காரர் ஆள் எப்படி என்றாள். குடிப்பாரா, கோபக்காரரா, கைநீட்டுவாரா, வேலைக்காரர்களை ஒழுங்காக வைத்துக்கொள்வாரா என்று வரிசையாகக் கேட்டாள்.

சவுரிராயன் அவள் பட்டுப்புடவையைப் பார்த்தான், கதம்பத்தைப் பார்த்தான், கால் மெட்டியைப் பார்த்தான். அவன் காதில் அப்போதே மேளம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பாண்டுரங்கனுக்கு முப்பத்தாறு வயது, இன்னும் கல்யாணமாகவில்லை. பெண் வீட்டார் விசாரிக்க வந்திருக்கிறார்கள், இதில் சந்தேகமென்ன? சவுரிராயன் முன்பொரு தடவை இப்படிக் கேட்டவர்களிடம் மாப்பிள்ளை சீட்டாடுவான் என்ற உண்மையைச் சொல்லித் தொலைத்து, கல்யாணம் நின்று, தெருவே அவன் கடையில் டீ குடிக்காமல் ஆறு மாதம் கொட்டாவி விட்டது. அன்றைக்கு மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணினான்: இனி எந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும் தங்கம்.

"தங்கமான மனுசன்மா," என்றான். "கோவமா? கொசு கடிச்சாக்கூட அடிக்கமாட்டாரு, ஊதிதான் விடுவாரு. அவருகிட்ட போய்ச் சேர்றவங்க குடுத்து வெச்சவங்க."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கத்திலிருந்து பிரம்புச் சத்தமும் ஒரு பிள்ளையின் அலறலும் வந்தன. சவுரிராயன் பாய்லரின் ஆவியைத் திறந்துவிட்டுச் சத்தத்தை மறைத்தான். எந்த ஊர், யார் வீடு என்று அவனும் போகிறபோக்கில் கேட்டான். கெடார், ஒயர்மேன் சீனுவாசன் வீடு என்றாள். இஸ்திரிக்காரரும் மளிகைக்காரரும் அதே தங்கத்தை அதே உரைகல்லில் உரைத்துக் காட்டினார்கள். காசியாத்திரை போனவனைத் தேடிப்பிடித்துக் கேட்டிருந்தாலும் அவனும் தங்கம் என்றுதான் சொல்லியிருப்பான்.

அடுத்து அரசாங்கப் பெண்கள் பள்ளிக்கூடம். வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்ற முனியம்மாளிடம், கெடாரிலிருந்து வருகிறேன் என்று பேச்சுக்கொடுத்து, அதே கேள்விகளைத் தலைமை ஆசிரியையைப் பற்றிக் கேட்டாள். தலைமை ஆசிரியையோ ஐம்பது வயதுப் பொம்பளை, பேரன் எடுத்தவள். கல்யாணப் பேச்சுக்கு இங்கே வழியில்லை. அதனால் முனியம்மாள் மறைக்காமல் மனதிலிருந்ததைக் கொட்டினாள்.

"அந்த பெரிய டீச்சரா? ராட்சசி. மல்லாட்ட புடுங்க எம்பொண்ண ரெண்டு நாள் நிறுத்தனேன். வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு எங்க வூட்டுக்காரர இன்னா கேள்வி கேட்டுச்சி தெரியுமா? சாயங்காலம் ஆறு மணி வரிக்கும் புடிச்சி வெச்சிக்கினு பாடம் நடத்துது. பேஜாரு புடிச்ச பொம்பள."

தையல்நாயகி மூன்றாவதாக எங்கும் போகவில்லை. முடிவு பளிச்சென்று தெரிந்துவிட்டது. ஒன்று தங்கம், ஒன்று ராட்சசி. ஊரிலேயே கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள், தலைகீழாகத் தொங்கும் வௌவாலைப் போலப் பார்த்துவிட்டு, உலகம் நேராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னதை எல்லாம் துரைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அதை அப்படியே எடுத்து அவள் தலையில் கவிழ்த்தார். பிரைட் மூன் நல்ல இடம், ஆனால் காசு வாங்குகிற இடம்; ஒரு பிள்ளைக்குத்தான் கட்டுப்படியாகும், அது பையனுக்கு. காசில்லாத இடமோ ராட்சசியின் இடம். அங்கே நம் வீட்டுப் பெண்ணை விடமுடியாது. "நீ விசாரிச்சிக்கினு வந்ததுதானேமா. நான் ஒண்ணும் சொல்லல," என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். தன் வாயாலேயே தன் மகளுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டோம் என்று தையல்நாயகிக்குப் புரிந்தது. அவள் விசாரணையை அவளே பொய் என்று எப்படிச் சொல்வாள்? சீனுவாசன் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தான்.

தேவகி அழவில்லை. ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். அவன் காம்பஸை எடுத்து நாவற்பழம் குத்தித் தின்ன ஆரம்பித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு வாடகை அம்பாசடர் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு வாழைப்பழச் சீப்பு இறங்கியது. பிறகு அதைப் பிடித்திருந்த அஞ்சம்மாள். பிறகு அவள் தம்பி பாண்டுரங்கன். சபாரி சட்டை, கறுப்புக் கண்ணாடி. தலையில் பூசியிருந்த எண்ணெயில் ஒரு வாரத்துக்கு வடை சுடலாம். பெண் வீட்டார் மறுபடி வரும்வரை காத்திருப்பதுதான் வழக்கம். முப்பத்தாறு வயதில் யார் காத்திருப்பார்கள்? சவுரிராயன் விலாசம் கொடுத்திருந்தான்.

நீங்கள் அன்றைக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனீர்களாமே என்று அஞ்சம்மாள் ஆரம்பித்தாள். தையல்நாயகிக்குத் தங்கம் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று ஒரு நொடியில் விளங்கிவிட்டது. தப்பாக நினைத்துவிட்டீர்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். துரைக்கண்ணு முந்திக்கொண்டார். பத்தொன்பது வயது மகளை வைத்துக்கொண்டு தவிக்கிறவர் வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிறது, தப்பாவது சரியாவது.

"வாய மூடிக்கினு ஜல்தியா காப்பி போடு," என்று அவளிடம் பல்லைக் கடித்தார். வந்தவர்கள் பக்கம் திரும்பியபோது அதே பல்லில் சிரிப்பு வந்திருந்தது.

தையல்நாயகி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தில் சௌந்தரம், அவசரத்தில் சுற்றிய புடவையோடு. கூடத்தில் துரைக்கண்ணு, பள்ளிக்கூடத்தில் வருமானம் எப்படி என்று கேட்டார். பிள்ளையைச் சேர்க்க வந்தவர்களிடம் பாண்டுரங்கன் ஒழுக்கம், ஞானம் என்றெல்லாம் பேசுவான். பெண் கொடுப்பவர்களிடம் என்ன பேசவேண்டும் என்றும் அவனுக்குத் தெரியும்.

"எங்க நைனா அதே எடத்துல வெல்ல மண்டி வெச்சிருந்தாருங்க. மண்டியில சரக்கு கெட்டுப்போனா நஷ்டம். பசங்க கெட்டுப்போனா நமக்கு இன்னா நஷ்டம்?" என்று காலை ஆட்டினான்.

பிறகு நிறுத்தவே முடியவில்லை. டை அவனிடம்தான் வாங்கவேண்டும், ஷூ அவனிடம்தான், நோட்டும் அவனிடம்தான். டீச்சர்கள் எல்லாம் பத்தாவது தேறாத பெண்கள். விடுமுறைச் சம்பளம் கொடுக்காமலிருக்க, கோடையில் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திறக்கும்போது புதிதாக எடுத்துக்கொள்வான். சயின்ஸ் லேப் கூட இருக்கிறது: கண்ணாடிப் பெட்டியில் ஒரு கல், லண்டனிலிருந்து தருவித்தது, கோடி வருஷத்து மரம். அதைப் பார்த்துவிட்டு மலைத்துப்போய் அட்மிஷன் போடாத பெற்றோரே இல்லை. கதவுக்குப் பின்னால் தையல்நாயகி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அந்த லண்டன் கல்லில்தான் திருவக்கரையில் அவள் தாய்வீட்டார் துணி துவைப்பார்கள்.

இவ்வளவு இருந்தும் பாண்டுரங்கனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஆறாவது வகுப்பு ஆரம்பித்துப் பார்த்தான். ஒரு பெண்கூட நிற்கவில்லை.

"எல்லாத்தயும் அந்த கவர்மெண்ட்டு ஸ்கூல் பொம்பள இழுத்துக்கினு போயிடறா. எங்கிட்ட ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குன பொண்ணுங்களுக்கு எழுத்துக்கூட்ட தெரியலன்னு சாயங்காலம் ஆறு மணி வரிக்கும் ஒக்கார வெச்சி அனா ஆவன்னாவுல இருந்து சொல்லிக் குடுத்தாளாம். என் பேர கெடுக்கறதுக்குன்னே. இப்ப அதுல ரெண்டு காலேஜுக்குப் போவுது. இப்பிடி பண்ணா நாங்கல்லாம் எப்பிடிங்க பொழைக்கறது?"

தையல்நாயகிக்கு முனியம்மாள் சொன்ன ராட்சசி இப்போது வேறு முகத்தோடு தெரிந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து, பெண் வீட்டுப் பொம்பளை போகிறபோக்கில் கேட்பது போலவே, அங்கே இடம் கிடைப்பது கஷ்டமோ என்று கேட்டாள்.

"எடமா? எந்தப் பொண்ணு வந்து நின்னாலும் சேத்துக்குவா. காசும் வாங்கமாட்டா. பொழைக்கத் தெரியாதவ," என்று பாண்டுரங்கன் உச்சுக்கொட்டினான்.

தையல்நாயகிக்கு அதற்குமேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. தன் வாழ்நாளில் இவ்வளவு நேர்த்தியான விசாரணையை அவள் செய்ததில்லை. அதுவும் நின்ற இடத்திலேயே, அடுப்பில் காப்பி பொங்கும் நேரத்துக்குள்.

சௌந்தரம் காப்பி கொண்டுவந்தாள். அஞ்சம்மாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டாள். துரைக்கண்ணு நெஞ்சை நிமிர்த்தி அஞ்சாவது என்றார்; கேப்பைக் கூழ் நன்றாகக் காய்ச்சுவாள், நாலு மாடு கறப்பாள் என்றும் சேர்த்தார். பாண்டுரங்கன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"மாடு கறக்கறதுக்கா நான் ஸ்கூல் வெச்சிருக்கறேன்? பத்தாவது படிச்ச பொண்ணா இருந்தா ஒரு டீச்சர் சம்பளம் மிச்சமாவும்னு வந்தேன். அஞ்சாவது படிச்சத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? எத்தினி மைல் தொலைவுலேர்ந்து வர்றேன், பெட்ரோல் செலவு யாரு குடுப்பாங்க?"

அக்காளும் தம்பியும் எழுந்தார்கள். அஞ்சம்மாள் வாசல்வரை போய்த் திரும்பிவந்து வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டாள். அதில் நாலு பழம் குறைந்திருந்தது. சின்னதுரை வாயை மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றான். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அந்தப் புழுதி துரைக்கண்ணுவின் வெள்ளை வேட்டியில் வந்து நிதானமாக உட்கார்ந்தது.

அவர் தட்டாமல் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவதோடு நிறுத்திய பெருமையை ஒரு வெல்ல மண்டிக்காரன் மகன் பழச்சீப்போடு தூக்கிக்கொண்டு போய்விட்டான். சௌந்தரம்தான் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டே பேசினாள். அப்பனுக்கு எதிரில் அவள் வாய் திறந்து அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டதில்லை.

"அஞ்சாவதோட நிறுத்தனியே நைனா, புண்ணியமாப் போச்சு. பத்தாவது படிக்க வெச்சிருந்தா என்னை இந்த ஆளுக்குக் குடுத்திருப்ப. சம்பளம் இல்லாத டீச்சரா ஒக்காந்திருப்பேன்." டம்ளர்களோடு உள்ளே போனவள் நிலைப்படியில் நின்றாள். "தேவகிய பத்தாவதோட நிறுத்திடாத. இந்த மாதிரி ஒருத்தன் கார் எடுத்துக்கினு வருவான். அதுக்கு மேல போயிட்டா வரமாட்டான், பயப்படுவான்."

துரைக்கண்ணு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கதவுப் பக்கம் பார்க்காமல், சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த ராட்சசி இஸ்கூலு எத்தினி மணிக்குத் தொறக்கும்னு விசாரிச்சியா?"

அன்றைக்கு முதல்தடவையாகச் சீனுவாசன் அண்ணன் எதிரில் பாயில் உட்கார்ந்தான். தேவகி தம்பியிடமிருந்து ஜாமெட்ரி பாக்ஸைப் பிடுங்கினாள். காம்பஸ் முனையில் நாவற்பழக் கறை போகவே இல்லை. அவள் போட்ட வட்டங்களெல்லாம் கொஞ்சநாள் ஊதாப் புள்ளியோடுதான் இருந்தன.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று தையல்நாயகி, இந்தத் தடவை பருத்திப் புடவையில், பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக வாசல்வழியாக உள்ளே போனாள். பெரிய டீச்சர் குள்ளமான மனுஷி; தேவகியின் பழைய பள்ளிக்கூடத்துச் சர்டிபிகேட்டை வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகத் தாயைப் பார்த்தார்.

"கெடார்தானே? என்னைப் பத்தி வாசல்ல வந்து கோவக்காரியா, குடிப்பழக்கம் உண்டான்னு விசாரிச்சது நீங்கதானே? அதக் கேள்விப்பட்டதுலேர்ந்து எங்க வீட்டுக்காரர் ராத்திரி நான் பால் குடிச்சாக்கூட மோந்து பாக்கறாரு."

தையல்நாயகி தலையில் இல்லாத கதம்பத்தைச் சரிசெய்துகொண்டாள். டீச்சர் அதற்குள் தேவகியிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் தடங்கலில்லாமல் படித்தாள். டீச்சர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பெயரை எழுதிக்கொண்டார்.

"சேர்த்துக்கறேன். ஆனா மல்லாட்ட, மாடு, மஞ்சத்தண்ணி திருவிழான்னு ஒரு நாள் நிறுத்தினாலும் வீட்டுக்கு வந்துடுவேன், சொல்லிட்டேன்."

"எங்க வூட்டுக்கு வந்து இன்னா டீச்சர் பிரயோஜனம்?" என்றாள் தையல்நாயகி. "நிறுத்தறவரு எங்க மூத்தார், வூட்டுக்காரரோட அண்ணன், கெடார்ல இருக்காரு. நேரா அங்க போங்க. பஸ் நானே ஏத்தி விடறேன்."